நாற்பது நிமிடம் மிச்சம்

"அக்கா, நீ அனுப்பின டிஸ்க் காலியா இருக்கு" என்று தம்பி தொலைபேசியில் சொன்னபோது நான் ஆலையில் சட்டைக் காலர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தைத்து வருகிற சட்டைகளில் குறை கண்டுபிடிப்பதுதான் என் வேலை. இருபத்தாறு வருடமாக அதுதான் பிழைப்பு. அங்கே எனக்குப் பூதக்கண்ணாடி என்று பட்டப்பெயர். நேரில் யாரும் சொல்வதில்லை, கழிப்பறைச் சுவரில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

"காலின்னா என்னடா அர்த்தம்?" என்றேன்.

"காலின்னா காலிதான். வீடியோக்காரர் கம்ப்யூட்டர்ல போட்டா புது டிஸ்க்னு காட்டுதாம். நம்ம வீட்டு பிளேயர்லயும் போட்டுப் பார்த்தேன். கொஞ்ச நேரம் சுத்திட்டு 'டிஸ்க் இல்லை'ன்னு சொல்லுது. நீ வேற எதையாவது மாத்தி அனுப்பிட்டியா?"

மாற்றி அனுப்புகிற ஆளா நான். ஒரு பொத்தான் அரை நூல் தள்ளியிருந்தால் சட்டையைத் திருப்பி அனுப்புகிறவள்.

"சரி விடுக்கா" என்றான். "நாலு வயசு வரைக்கும் எங்ககிட்ட இருக்கு. அப்புறம் பன்னிரண்டு வயசுலேர்ந்து நிறையவே இருக்கு. நடுவுல கொஞ்சம் இல்லைன்னா யாருக்குத் தெரியப் போகுது?"

அந்த நடுவில்தான் நான் இருந்தேன்.

தம்பி மகளுக்குக் கல்யாணம். வரவேற்பில் பெரிய திரை கட்டி, அவள் பிறந்ததிலிருந்து இன்றுவரை வளர்ந்ததை நாலு நிமிடப் படமாகப் போடப்போகிறார்கள். நாலு வயதிலிருந்து பதினொரு வயதுவரை அவள் என் வீட்டில்தான் இருந்தாள். தம்பியும் அவன் மனைவியும் வெளிநாட்டில் ஒப்பந்த வேலைக்குப் போனார்கள். பிள்ளைகளைக் கூட்டி வரக்கூடாது என்று அந்தக் கம்பெனியில் கண்டிப்பு. இரண்டு வருடத்தில் வந்துவிடுகிறோம் என்று போனவர்கள் ஏழு வருடம் கழித்து வந்தார்கள். எனக்குக் கல்யாணம் காட்சி என்று எதுவும் நடக்கவில்லை. அந்த ஏழு வருடம்தான் நான் ஒழுங்காக வாழ்ந்த காலம். சும்மா இருக்காமல் ஊர்ந்துகொண்டும் கடித்துக்கொண்டும் இருந்ததால் அவளுக்கு நான் வைத்த பெயர் கட்டெறும்பு.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. மண்டபத்தில் உட்காரப்போகிற முந்நூறு பேருக்கும் அந்தப் பிள்ளை ஏழு வருடம் எங்கே, யாரிடம் இருந்தாள் என்று அரை நிமிடமாவது தெரிய வேண்டும். முன்வரிசை நாற்காலிகூட எனக்கு வேண்டாம்.

"இன்னொண்ணு" என்றான் தம்பி. "காலி டிஸ்க்தானே, இதுலயே வேற ஏதாவது எழுதிக்கவான்னு வீடியோக்காரர் கேட்டார்."

"டேய், அதை ஒருத்தனும் தொடக்கூடாது. பெட்டியில போட்டு வை. நான் வர்றேன்" என்றேன். தையல் மெஷின்களின் சத்தத்தையும் தாண்டி அது கேட்டிருக்க வேண்டும். நாலு வரிசை தள்ளியிருந்த மேற்பார்வையாளர் எழுந்து நின்று பார்த்தார்.

மறுநாள் முதல் பஸ்ஸைப் பிடித்தேன். நாலரை மணி நேரம். வழியெல்லாம் என்னையே திட்டிக்கொண்டு போனேன். இருக்கிறது ஒரே ஒரு டிஸ்க், அதைக் கூரியரில் அனுப்பிய புத்திசாலி நான்.

அந்தக் காலத்தில் தம்பி வெளிநாட்டிலிருந்து ஒரு கேமராவும் ஒரு ரெக்கார்டர் பெட்டியும் அனுப்பியிருந்தான். கேமராவில் சின்னக் கேசட். எடுத்ததைப் பெட்டியில் டிஸ்க்காக ஏற்றிவிட்டு, அதே கேசட்டில் மறுபடியும் எடுக்கலாம். டிஸ்க் நிரம்பியதும் அனுப்பு என்றான். நான் ஆறு மணி நேரம் பிடிக்கிற மாதிரி வைத்து, ஐந்து நிமிடம் பத்து நிமிடமாக ஏற்றிக்கொண்டே வந்தேன். டிஸ்க் நிரம்புவதற்குள் அவர்களே வந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். பிள்ளையே கையில் இருக்கும்போது டிஸ்க் எதற்கு? யாரும் கேட்கவில்லை. பதின்மூன்று வருடமாக ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் நான்தான் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். என் வீட்டுப் பெட்டியில் ஒரு நாளும் மக்கர் பண்ணியதில்லை.

தம்பி வீட்டில் அவன் மனைவிதான் கதவைத் திறந்தாள். "வாங்க அண்ணி. ஒரு டிஸ்க்குக்காகவா இவ்வளவு தூரம்?" என்றாள். தண்ணீர் கொடுத்தாள். வீடு முழுக்க அழைப்பிதழ்க் கட்டுகள், நாற்காலிமேல் துணிப்பைகள். கட்டெறும்பு ஆபீஸுக்குப் போயிருந்தாள். உட்காரச் சொன்னார்கள். டிஸ்க்கைக் கையில் வாங்கிக்கொண்டு நேராக வீடியோக்காரர் கடைக்குப் போனேன்.

அவர் என் கண்முன்னாலேயே கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டினார். "பாருங்கம்மா. பூஜ்யம். ஒரு எழுத்துகூட இல்ல."

டிஸ்க்கை வாங்கி ஜன்னல் பக்கம் போய்ச் சாய்த்துப் பிடித்தேன். துணியில் நெசவுக் குறை பார்க்கிற மாதிரிதான், வெளிச்சம் குறுக்கே விழவேண்டும். நடு ஓட்டையைச் சுற்றி அகலமாகக் கருநிற வளையம். ஓரத்தில் மட்டும் ஒரு விரல் நகம் அளவுக்கு வெளிறிய வளையம்.

"இந்தக் கறுப்பு என்ன, வெளுப்பு என்ன?" என்றேன்.

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். முகம் மாறியது. "எழுதின இடம் இப்படித்தான் கறுத்துத் தெரியும். அப்ப உள்ள இருக்கு. ஆனா ஏன் காட்ட மாட்டேங்குதுன்னு தெரியலையே."

"காலின்னு சொல்றதுக்கு முன்னாடி ஒரு தடவை திருப்பிப் பார்த்திருக்கலாம் இல்ல?"

"தப்புதாம்மா" என்றார். நல்ல மனுஷர், சண்டை போட இடம் கொடுக்கவில்லை. "பத்து நாளைக்குள்ள ஓடுற மாதிரி கொண்டு வாங்க. கண்டிப்பா சேர்த்துடறேன்."

அன்று சாயங்காலமே வீடு திரும்பி, செருப்பைக்கூடக் கழற்றாமல் டிஸ்க்கை என் பெட்டியில் தள்ளினேன். கரகரவென்று சுற்றி, படம் வந்தது. கட்டெறும்பு சைக்கிளில் ஏறத் தெரியாமல் ஏறிக்கொண்டிருந்தாள். எனக்குப் போன உயிர் வந்தது. ஆனால் கோபமும் வந்தது. என் வீட்டில் மட்டும் ஓடி, வெளியில் போனால் வாயை மூடிக்கொள்கிற டிஸ்க்கை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

அடுத்த மூன்று நாள் என்னென்னவோ செய்தேன். மூக்குக்கண்ணாடி துடைக்கிற துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் துடைத்தேன். மேலே ஒட்டியிருந்த பெயர்ச்சீட்டை வெந்நீர் ஆவியில் காட்டி உரித்தேன். சீட்டு ஒட்டினால் சுற்றும்போது ஆட்டம் காணும் என்று ஆலையில் ஒருத்தி சொன்னாள். பக்கத்து வீட்டு பிளேயரில் போட்டேன், ஓடவில்லை. எதிர் மாடியில் இருந்த பிளேயரில் போட்டேன். அது டிஸ்க்கை இரண்டு தடவை வெளியே துப்பியது. பதின்மூன்று வருடமாக அந்தத் தெருவில் யார் வீட்டுக்கும் போகாத நான், கையில் ஒரு டிஸ்க்கோடு கதவு கதவாகத் தட்டினேன். ஒரு வீட்டில் என்னைக் கேபிள்காரி என்று நினைத்து அடுத்த மாதம் வரச் சொன்னார்கள்.

கடைசியில் டிவி மெக்கானிக்கிடம் போனேன். கடை முழுவதும் திறந்துபோட்ட பெட்டிகள், நடுவில் ஒரு ஸ்டூல், அதில் அவர். டிஸ்க்கை மூன்று பிளேயர்களில் போட்டுப் பார்த்தார். மூன்றும் கையை விரித்தன.

"எதுல எழுதினீங்க? கம்ப்யூட்டர்லயா?"

"இல்லை, ரெக்கார்டர் பெட்டியில. அதுல மட்டும் நல்லா ஓடுது."

அவர் சிரித்தார். "மூடினீங்களா?"

"எதை?"

"டிஸ்க்கைத்தான். எல்லாம் ஏத்தி முடிச்சதும் பெட்டி கேட்டிருக்குமே, 'மூடவா, மூடினா அப்புறம் எதுவும் சேர்க்க முடியாது'ன்னு."

கேட்டது. ஒவ்வொரு தடவையும் கேட்டது. ஏழு வருடமும் 'வேண்டாம்' என்றுதான் அழுத்தியிருக்கிறேன். இடம் இருக்கும்போது எதற்கு மூடவேண்டும்?

"பத்திரம் எழுதி ரிஜிஸ்டர் பண்ணாம வச்சிருக்கற மாதிரிம்மா" என்றார் மெக்கானிக். "வீட்டுக்குள்ள செல்லும். வெளியில செல்லாது. எழுதின பெட்டிக்கு மட்டும் எது எங்க இருக்குன்னு தெரியும். மத்த பெட்டிக்கெல்லாம் ஒரு அட்டவணை வேணும். மூடும்போதுதான் அதை எழுதும். போய் மூடிட்டு வாங்க, எல்லாத்துலயும் ஓடும்."

"மூடினா ஒண்ணும் அழியாதே?"

"ஒண்ணும் அழியாது. மேல சேர்க்கத்தான் முடியாது. ஏன், இன்னும் சேர்க்க வேண்டியது ஏதாவது இருக்கா?"

நான் டிஸ்க்கை உறையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

சனிக்கிழமை மதியம் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு பெட்டியின் முன்னால் உட்கார்ந்தேன். மிச்சம் நாற்பது நிமிடம் என்று திரையில் ஓரமாகக் காட்டியது. ஒரு பொத்தானை அழுத்துகிற வேலை. ஒன்றரை மணி நேரம் அழுத்தாமல் உட்கார்ந்திருந்தேன்.

அந்த நாற்பது நிமிடத்தை எதைக் கொண்டாவது நிரப்பிவிட்டு மூடலாமே என்று தோன்றியது. பீரோ மேலிருந்து கேமராவை எடுத்தேன். பேட்டரி வீங்கி உள்ளேயே சிக்கிக்கொண்டிருந்தது. அது ஓடினாலும் எதை எடுப்பது? நான் பாத்திரம் கழுவுவதையா? துணி மடிப்பதையா? இந்த வீட்டில் இப்போது அசைவது மின்விசிறி ஒன்றுதான்.

வெளிப்படையாகவே சொல்கிறேன், இதில் எனக்கென்ன வெட்கம். அவள் ஏதோ ஒரு விடுமுறைக்கு வருவாள், நாலு நாள் தங்குவாள், இரண்டு பேரும் எதையாவது எடுத்து ஏற்றுவோம் என்று பதின்மூன்று வருடமாக நினைத்திருந்தேன். வந்தாள். மூன்று தடவை வந்தாள். மூன்று தடவையும் தம்பி காரை வெளியே நிறுத்தியிருக்க, அவன் ஹாரன் அடிக்கிறவரை உட்கார்ந்திருந்தாள். படிப்பு, பரீட்சை, வேலை. பிள்ளைமேல் ஒரு தப்பும் இல்லை. மூடு என்று அழுத்தினால், இனி அவள் இங்கே வந்து ஒன்றும் செய்யப்போவதில்லை என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகும். அதனால்தான் கை வரவில்லை.

ஆனால் மூடாவிட்டால் அந்த மண்டபத்தில் நாலு வயதுப் பிள்ளை பொசுக்கென்று பன்னிரண்டு வயதுக்குத் தாவிவிடும். நடுவில் யாருமே இல்லாமல் அவள் தானாக வளர்ந்துகொண்டாள் என்று ஆகிவிடும். அழுத்தினேன்.

'இனி எதையும் சேர்க்க முடியாது. தொடரவா?' என்றது பெட்டி. ஆமாம் என்றேன். 'உறுதியாகத்தானா?' என்றது.

"எத்தனை தடவைதான் கேப்ப" என்று அதைத் திட்டிவிட்டு மறுபடியும் அழுத்தினேன். ஏழு நிமிடம் உர்ரென்று சுற்றியது. நான் அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். கேட்க யாரும் இல்லாத வீட்டில் குழாய் எதற்கு என்று பாதியில் உறைத்தது, மூடினேன்.

மெக்கானிக் கடையில் மூன்று பிளேயரிலும் ஓடியது. ஒன்றில் மட்டும் விக்கி விக்கி ஓடியது. "பழைய டிஸ்க் இல்லையா, இதையே வெளியூருக்கு அலையவிடாதீங்க" என்று சொல்லி, இருப்பதிலேயே குறைந்த வேகத்தில் இரண்டு நகல் எழுதிக் கொடுத்தார். வேகமாக எழுதினால் மறுபடியும் சில பெட்டிகளில் திணறுமாம். எழுதி முடிகிற வரை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"பிள்ளை துறுதுறுன்னு இருக்கு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "நீங்க எங்கம்மா? உங்களையே காணோமே?"

அதுவரை எனக்கு அது தோன்றவே இல்லை. ஐந்து மணி இருபது நிமிடப் படத்தில் நான் ஒரு இடத்திலும் இல்லை. என் நிழல்கூட விழவில்லை.

"நான்தானே பிடிச்சேன்" என்றேன். "ஆனா குரல் இருக்கு. கேளுங்க."

அவர் சத்தத்தைக் கூட்டினார். "விடமாட்டேன்டி, நீ ஓட்டு, நான் இருக்கேன்" என்று என் குரல் கேட்டது. முப்பத்தைந்து வயதுக் குரல். அவர் தலையாட்டினார். "இப்பவும் அதே அதட்டல்தான்" என்றார்.

வீட்டுக்கு வந்து, எத்தனையாவது நிமிடத்தில் என்ன வருகிறது என்று ஒரு தாளில் வரிசையாக எழுதினேன். என் குரல் வருகிற இடங்களுக்கு அடிக்கோடு போட்டேன். ஒரு நகலோடு அதையும் அனுப்பினேன். மூன்றாம் நாள் தம்பி பேசினான். "சூப்பரா ஓடுதுக்கா. வீடியோக்காரர் அசந்துட்டார். நிறைய சேர்க்கறேன்னு சொல்லிட்டார்."

அந்த வாரம் ஆலையில் தள்ளிவிட வேண்டிய பதினொரு சட்டைகளை நான் போகட்டும் என்று விட்டேன். மேற்பார்வையாளர் உடம்புக்கு ஏதாவதா என்று கேட்டார். கல்யாணத்துக்குப் போகிறேன், என் பிள்ளை கல்யாணம், திரையில் போடுகிறார்கள் என்று கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் சொன்னேன்.

வரவேற்பு பகல் பதினொரு மணிக்கு. மண்டபம் நிறைந்திருந்தது. மேடையில் கட்டெறும்பு அலங்காரத்தோடு நின்றாள். வரிசையில் நின்று, என் முறை வந்ததும் மேடைக்குப் போனேன். "அத்தை, வந்துட்டியா. இருந்து சாப்பிட்டுத்தான் போகணும்" என்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். எனக்கு முன்னால் நின்றவர்களிடமும் அதையேதான் சொன்னாள். கையை விட மனசில்லை. பின்னால் ஆட்கள் நின்றார்கள்.

ஆறாவது வரிசையில் உட்கார்ந்தேன். பக்கத்தில் மாப்பிள்ளை வீட்டு அம்மாள் ஒருத்தி. "நீங்க பொண்ணுக்கு என்ன வேணும்?" என்றாள்.

"அத்தை. அப்பாவோட அக்கா."

"ஓ. வெளியூரா?" என்றாள். நான் தலையாட்டினேன். படம் வந்தால் அவளே தெரிந்துகொள்வாள், நான் ஏன் இப்போதே சொல்ல வேண்டும்?

விளக்குகளைக் குறைத்தார்கள். திரையில் பிறந்த குழந்தை வந்தது, தம்பி மடியில், அவன் மனைவி தோளில். பின்னணியில் ஒரு இசை பெரிதாக ஓடியது. பிறகு என் சைக்கிள். என் வீட்டு வாசல், என் வீட்டுக் கொடியில் காய்கிற பள்ளிச் சீருடை. முந்நூறு பேரும் பார்த்தார்கள். ஆறு மணி நேர அடைசலில் எழுதியதால் பெரிய திரையில் கொஞ்சம் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. இருந்தாலும் பார்த்தார்கள். நான் அடிக்கோடு போட்ட அந்த இடத்துக்காகக் காத்திருந்தேன்.

இசை நிற்கவில்லை. பிள்ளை சைக்கிளில் ஆடி ஆடிப் போனாள், கேமரா பின்னாலேயே ஓடியது, இசைதான் கேட்டது. விடமாட்டேன்டி இல்லை. நான் இருக்கேன் இல்லை. எல்லா இடத்திலும் சத்தத்தை எடுத்துவிட்டு ஒரே பாட்டாகப் போட்டிருந்தார்கள். அவர்கள் பேரில் குற்றம் இல்லை, தம்பி மனைவி பேசியதையும்தான் எடுத்திருந்தார்கள். ஆனால் அவள் படத்தில் இருந்தாள்.

"இந்த இடமெல்லாம் யார் எடுத்தாங்களோ, கொஞ்சம் மங்கல்" என்றாள் பக்கத்து அம்மாள், தனக்குத்தானே.

அப்போது அந்தப் பல் வந்தது. ஏழு வயதில் விழுந்த முன்பல். கட்டெறும்பு அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கேமராவை நோக்கி ஓடி வந்தாள். வந்துகொண்டே இருந்தாள். அந்தப் பெரிய திரை முழுவதும் அவள் முகம் மட்டும், முன்பக்கம் ஓட்டையாக. நேராக என்னைப் பார்த்து வாயைத் திறந்தாள். சத்தம் இல்லை. வாய் மட்டும் இரண்டு தடவை அசைந்தது. அத்தை, அத்தை.

"இங்கதான்டி இருக்கேன்" என்றேன்.

வாய்விட்டே சொல்லிவிட்டேன். முன்வரிசையில் இரண்டு பேர் திரும்பினார்கள். திரையில் பிள்ளை அதற்குள் பன்னிரண்டு வயதாகி, தம்பிக்கும் அவன் மனைவிக்கும் நடுவில் நின்று சிரித்தாள்.

பக்கத்து அம்மாள் என் பக்கம் குனிந்தாள். "என்கிட்ட ஏதாவது சொன்னீங்களா?"

"இல்லைங்க. பொண்ணு கூப்பிட்டா" என்றேன்.

அவள் மேடையைப் பார்த்தாள். கட்டெறும்பு அந்தப் பக்கம் திரும்பி யாருடனோ படம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"இல்லையே" என்றாள் அந்த அம்மாள் அன்பாக. "அவ உங்களைக் கூப்பிடலையே."